வயிற்றுக்குள் ஓட்டிய ஆணி

ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கையில் இருந்தால், வயிற்றுக்குள் கிடக்கும் ஸ்குரூ ஆணியை மாடு சாய்ப்பதுபோல் வெளிவாசல் வரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நான் நம்பினேன். முழுமனதோடு நம்பினேன்.

தண்ணீரூற்று என்ற ஊரில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த காலம். சண்டையால் வவுனியாப் பாதை பூட்டியிருந்தது. ஆணியொன்று மணலுக்குள் விழுந்தால் வேறு ஆணிக்கு வழியில்லை. அதனால் கழற்றுகிற ஆணிகளை உதட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வேலை. நாயாற்றிலிருந்து ரேடியோ கொண்டுவந்த மீன்காரர் ஏதோ பகிடி விட்டார். சிரித்தேன். மூன்று ஆணியில் ஒன்று உள்ளே போய்விட்டது.

"அண்ணை, அது என்ர ரேடியோவின்ர ஆணி," என்றார் அவர். "எப்ப வருமெண்டு சொல்லுங்கோ, இருந்து கொண்டு போறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரான ஆணி. குடலைக் கிழித்தால் வயிற்றைத் திறக்கவேண்டும், வவுனியாவுக்கு யார் விடப்போகிறார்கள்? அப்போதுதான் சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் அரிசியிலும் சிறிய ரோபோக்களை உடம்புக்குள் விட்டு, வெளியே நின்று காந்தப்புலத்தால் ஓட்டிப் பார்க்கிறார்களாம். ரோபோ ஓடுமென்றால் ஆணி ஓடாதா?

காந்தத்தோடு பாயில் மல்லாந்தேன். மனைவி, மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் குடல் படத்தைப் பார்த்து வழி சொன்னாள்.

"இடப்பக்கத்தால மேல ஏத்துங்கோ. கெதியா இழுக்காதேங்கோ, வளைவு வருது."

ஒரு மணித்தியாலம் ஓட்டினேன். பாய் வியர்வையில் நனைந்துவிட்டது. திடீரென்று அவள் புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

"இஞ்சேருங்கோ, படத்தில இருக்கிற ஆள் எங்களைப் பாத்தெல்லோ நிக்கிறார்? அப்ப எங்கட இடம் அவருக்கு வலமெல்லோ?"

முழுப் பாதையும் எதிர்ப்பக்கமாக ஓட்டியிருக்கிறேன்! "பிள்ளையளைப் படிப்பி," என்று மரணசாசனம் சொல்லத் தொடங்கினேன்.

"முதல்ல சாரத்தைக் கட்டுங்கோ. ஆசுபத்திரிக்குப் போவம்."

ஆணிக்காக இன்னும் காத்திருந்த மீன்காரர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே செல் விழுந்து காயப்பட்டவர்கள் நிலத்திலும் கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நான், மடியில் காந்தத்தோடு. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. பயமும் போகவில்லை.

டொக்டர் காந்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதால ஆணி ஒரு நூலும் அசைஞ்சிராது. சோறு சாப்பிடுங்கோ, வாழைப்பழம் சாப்பிடுங்கோ. வயித்துக்க குத்தினாலோ இரத்தம் போனாலோ உடன வாங்கோ."

இரண்டு நாள் வயிறு இரைந்தபோதெல்லாம் நான் செத்துச் செத்து எழும்பினேன். மூன்றாம் நாள் காலை ஆணி தானாக வெளியே வந்தது.