தெரசாவின் பிறந்த நாள் எப்போது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தையல் சாமான் வாங்க ராமநாதபுரம் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் கணவர் தங்கச்சிமடத்தில் வீட்டில்தான் இருந்தார். பயந்துபோயிருந்த மகள் தெரசா, "நீங்களே பாருங்கய்யா" என்று போனை அவரிடம் கொடுத்திருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் கூப்பிட்டார். "பிள்ள பெயிலாயிருச்சு. எத்தன தடவ நம்பர் போட்டாலும் மார்க்கே வரல."

அதற்குள் கரையில் சும்மா உட்கார்ந்திருந்த படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மகள் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாளாம், தட்டினாலும் திறக்கவில்லையாம். பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் போனைப் பிடுங்கினேன். "பிறந்த தேதி என்னன்னு போட்டீக?"

"அக்டோபர் ஒண்ணு. வருசா வருசம் கேக் வெட்டுறோம்ல?"

அது புனித தெரசாவின் திருநாள். எங்கள் வீட்டில் பெயர் வைத்த புனிதரின் திருநாளுக்குத்தான் கேக் வெட்டுவோம். மகள் பிறந்தது ஜனவரியில். அந்தத் தேதியைப் போட்டதும் மார்க் வந்தது. பள்ளியிலேயே இரண்டாமிடம் என்று பிறகு தெரிந்தது. கதவைத் தட்டி மார்க்கைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

"சாமி தேதி செல்லாதுன்னா என்ன படிப்பு இது" என்று முணுமுணுத்தார் அவர்.

இப்போது எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு கேக். ஜனவரி கேக் அவர் பொறுப்பு. நாங்கள் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. இந்த ஜனவரியில் ஒரு நாள் முந்தியே வாங்கி வந்து நின்றார். நாளைக்குத்தான் பிறந்த நாள் என்று யாரும் சொல்லாமல் வெட்டிச் சாப்பிட்டோம்.