சேறு தெரியாத நேரத்தில் போட்ட கையெழுத்து

ஷேர் ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டும்போது போன் வந்தது. ஜெயந்தி அக்காவின் தம்பி. "அக்கா பூட்ச்சு மாமு" என்றான். காலில் சிப்பி கிழித்த காயம், கூடவே சர்க்கரை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

எண்ணூர் கழிமுகத்தில் அவரைத் தெரியாதவர், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில், இறால் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். பறி வாயில் இருக்கும்வரைதான் அவர் நாக்கிடமிருந்து நாம் தப்பிப்போம்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுப் பறவைகளைப் படமெடுத்துத் திரிந்த என்னிடம், "இன்னா நைனா, உள்ளானுக்குக் கல்யாண ஆல்பம் போடுறியா?" என்றார். உள்ளான் பறவை இறங்கும் சேற்றில்தான் இறால் இருக்கும் என்பது அவர் அனுபவம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் பரவப் பரவப் பறவை குறைந்ததை எனக்கு முன்பே பார்த்தவர்.

வடக்குச் சேற்றுத் திட்டில் மண் கொட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. பறவை உண்டா என்று பார்க்க ஆய்வாளர்கள் இருவர் வந்தார்கள். சாட்சிக்கு ஊர்க்காரனாக நான் படகில் ஏறினேன். மதியம், தண்ணீர் ஏறிய நேரம். திட்டு முழுகிக் கிடந்தது. 'பறவைகள் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அக்கா பறியை வாயிலிருந்து கையில் எடுத்தார். "சோத்த மூடி வெச்சுக்கீற நேரத்துல பாத்துட்டு, வூட்ல துன்ன ஆளே இல்லன்னு எழுதிக் குட்த்துக்கீற. தண்ணி வத்துனாதான் பறவ எறங்கும்னு தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் இன்னாத்துக்குப் போட்ட?"

வந்த இருவரும் என்னை 'சார்' என்று கூப்பிட்டார்கள். அதுதான் காரணம். சொல்லவில்லை.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் அவரே கூட்டிப்போனார். திட்டு முழுக்கப் பறவை. நான் எடுத்த படங்களை எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ளவில்லை. லாரிகள் வந்தன. பாதித் திட்டு மண்மேடானது. நல்ல சேறு போனதால், யாரும் போகாத சிப்பிப் பாறை ஓரம் தடவப் போனார். அங்கேதான் கால் கிழிந்தது.

மீதித் திட்டைப் பார்க்க வருகிறார்களாம். போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள், மதியத்துக்கு. காலையில் தண்ணீர் வற்றும்போது வந்தால்தான் கையெழுத்து என்றேன். போனை வைத்துவிட்டார்கள். வேறு யாரையாவது ஏற்றிக்கொள்வார்கள்.

அவருடைய பறி இப்போது என்னிடம். விளிம்பில் பல் பதிந்த தடம் இருக்கிறது. அதோடு, நான் பதில் சொல்லாத அந்தக் கேள்வியும்.