கண்ணில் ஜன்னல் இல்லாத படம்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வேலை செய்யும் இடத்தில் போடும் கையெழுத்து மட்டும்தான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். நேரில் யாரிடமும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பேய் பிசாசை நான் நம்பினவள் இல்லை. பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் துப்புரவு வேலை. பிணவறைக்குப் போகிற நடையைத் தனியாகத் துடைத்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் விபூதி பூசிக்கொண்டு போவார்கள், நான் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பயந்தவள் எதையோ கற்பனை செய்துகொண்டாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது, அதற்குத்தான் சொல்கிறேன்.

பாகூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் டிவி தொடர் எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றார்கள், எனக்கு லீவு நாள், காலேஜ் படிக்கிற என் மகள் சுகன்யா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே டைரக்டருக்கு உதவியாக இருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அக்கா, கதாநாயகியோட சித்தி வேஷத்துக்கு ஆள் தேடறோம். வசனம்கூட இருக்கு. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, சிரிச்ச மாதிரி ஒண்ணு, மூணு போட்டோ எடுத்து நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. மேக்கப் வேணாம், ஃபில்டர் வேணாம். உங்க முகம்தான் வேணும்."

என் முகம் வேண்டும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசமாட்டேன், ஆனால் வீட்டில் ஆள் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்ப்பேன், கோபப்பட்டுப் பார்ப்பேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இது யாருக்கும் தெரியாது. சிரித்து மட்டும் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்கு வந்துவிடும். அந்த வேஷம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுத இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே மதகடிப்பட்டில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஸ்டுடியோவுக்குப் போனோம். கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுக்கிறவர். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக் கொஞ்ச நேரம் தட்டினார். "பாருங்க அண்ணி, பத்து வயச கொறச்சிட்டேன்" என்றார். கன்னத்து மச்சத்தைக் காணோம். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது, பின்னால் அருவி கொட்டியது.

"இன்னாம்மா இது, உனுக்கு பொண்ணு பாக்க வராங்களா?" என்று சுகன்யா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராத்திரி அவள்தான் போனில் தேடி, பாகூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜோசப் என்பவர் எடுத்த படங்களைக் காட்டினாள். நல்லவாடு கடற்கரையில் மீன் விற்கும் பெண்கள், செங்கல் சுமக்கிறவர்கள். ஒவ்வொரு முகத்திலும் சுருக்கம், தழும்பு, வியர்வை எல்லாம் இருந்தபடி இருந்தன. அவரிடம்தான் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

"அந்த ஜோசப்பா?" என்றார் என் வீட்டுக்காரர். "அவன் எதையும் மாத்தமாட்டான்டி, உள்ளது உள்ளபடிதான் குடுப்பான். அதனாலதான் கல்யாணத்துக்கு எவனும் கூப்புடறதில்ல."

மறுநாள் மத்தியானம் பாகூருக்குப் போனோம். உரக்கடைக்கு மேலே மாடியில் ஒரே ஒரு அறை, மாடிப்படியிலிருந்து வர ஒரு கதவு, அதே பக்கச் சுவரில் பெரிய ஜன்னல். விளக்கு எதுவும் போடவில்லை. ஜன்னலைப் பார்த்த மாதிரி என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில், வெளிச்சத்தை மறைக்காமல் குனிந்து நின்றார் ஜோசப். கதவு அவருக்குப் பின்னால் ஒரு ஓரமாக இருந்தது. அதன் பக்கத்தில் பெஞ்சில் சுகன்யா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

"லென்ஸைப் பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். கறுப்பு வட்டம், அதற்குள் என் தலை சின்னதாகத் தெரிந்தது. இரண்டு மூன்று எடுத்திருப்பார்.

"அக்கா, கதவுப் பக்கம் பாக்காதீங்க. அங்க யாரும் இல்ல."

"நான் லென்ஸைத்தான் பாக்குறேன் தம்பி."

"அம்மாவுக்கு வெக்கம்ண்ணா" என்று சுகன்யா தலை நிமிராமல் சொன்னாள். "நேரா பாரும்மா, அவரு இன்னா உன்ன முழுங்கிடுவாரா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கத்தில் கண் ஓடுகிறது போல என்று நானே நினைத்து, அந்தக் கறுப்பு வட்டத்தை விடாமல், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த வட்டத்தைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டே "இங்க, இங்க பாருங்க, என் தோள பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் திரும்பச் சொல்லி ஒன்று எடுத்தார். பிறகு மறுபடி நேராக உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னார். பல் தெரியக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது.

"ஆங், அப்படித்தான். சூப்பர்க்கா. இதான் வேணும்."

எது வேண்டும் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதல் படத்தில் என் கண் கதவைப் பார்க்கிறது. அடுத்ததில் கதவை விட்டுக் கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். வேகமாகத் தள்ளினபோது என் கண் போகிற போக்கிலேயே மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்து, சுகன்யா பெஞ்சைத் தாண்டி, மெதுவாக நடந்து ஜோசப்பின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். வருகிற ஆளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான். ஒரு கூட்டத்தில் தெரிந்தவர் வருவதை நாம் எப்படிப் பார்ப்போம், அப்படி.

கடைசிப் படத்தில் மட்டும் கண் நேராக லென்ஸில் இருந்தது. வாய் முழுக்கச் சிரிப்பு. உடைந்த பல் பளிச்சென்று தெரிந்தது. முந்தானை மடியில் கிடந்தது.

"நீ சிரிக்கவே இல்லியேம்மா" என்றாள் சுகன்யா. அவள் குரல் சின்னதாகிவிட்டது.

ஜோசப் கம்ப்யூட்டரில் என் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். முந்தின படங்களில் என் கருவிழிக்குள் ஜன்னல் வெள்ளைக் கட்டமாக விழுந்திருந்தது, கம்பிகூட எண்ணலாம். கடைசிப் படத்தில் ஜன்னல் இல்லை. கண் முழுக்கக் கறுப்பு.

"நீங்க மறைச்சிருப்பீங்க" என்றேன்.

"நா மறைச்சா முகமும் இருட்டாயிருக்கும்க்கா. முகத்துல வெளிச்சம் அப்படியே இருக்கு பாருங்க. கண்ணுல மட்டும் இல்ல. உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல யாரோ வந்து நின்ன மாதிரி இருக்குது." எழுந்து போய் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க இதுக்கு முன்னாடி இந்த ரூமுக்கு வந்திருக்கீங்களா?"

நான் பாகூர் கடைத்தெருவுக்கே அதிகம் வந்ததில்லை.

மறுபடி உட்கார வைத்து எடுத்துப் பார்த்தார். கண் சரியாக லென்ஸில் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. பல்வலிக்காரி மாதிரி இருந்தேன். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்தது போதும், சிரித்த படத்துக்கு என்ன செய்வது? சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. "அத அனுப்பாதீங்கக்கா" என்றார் ஜோசப். கண்ணில் ஜன்னலை வரைந்து தரக் கேட்டேன். படத்தில் கை வைக்கமாட்டார் என்றுதான் அவரிடம் போனேன், அவரிடமே அப்படிக் கேட்டேன். முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். கடைசியில் சுகன்யாவை அந்தப் படத்தையே அனுப்பச் சொன்னேன். அந்த வேஷத்தை விட எனக்கு மனசு இல்லை.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது போனைக் காட்டினோம். நடந்ததைச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"யார பாத்துடி இப்படி சிரிச்ச?"

"போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னாரு."

"சொன்னா வர்ற சிரிப்பா இது? இத்தினி வருசத்துல என்ன பாத்து ஒரு நாள் இப்படி சிரிச்சிருப்பியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். அது யார் என்று எனக்கே தெரியாது. ஆனால் படத்தில் இருக்கிற எனக்குத் தெரிந்திருக்கிறது, ரொம்ப நாள் காத்திருந்து பார்த்த மாதிரி சிரிக்கிறேன். இதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. ஆஸ்பத்திரியில் நடையைத் துடைக்கிறபோது இப்போதெல்லாம் நான் கதவுப் பக்கம் முதுகைக் காட்டுவதில்லை.

அடுத்த நாள் காலையில் டைரக்டருக்கு உதவியாக இருந்த அந்தப் பெண் போன் செய்தாள். சிரித்த படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம், அதே சிரிப்பை நேரில் செய்து காட்ட வேண்டும் என்றாள். வில்லியனூரில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போனேன். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எதிரே கேமராவை வைத்து, லென்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன்.

"அக்கா, கதவுப் பக்கம் பாக்காதீங்க. அங்க யாரும் இல்ல" என்றாள் அந்தப் பெண்.

நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. அன்றைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட். பஸ் பிடித்துப் போய் வேலை பார்த்தேன்.