பூஜையில் வைத்த ரிலேயோடு மீனம்பாக்கத்துக்கு

மெட்ரோவில் விமான நிலையம் போவதைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஏசியில் உட்கார்ந்து போவதெல்லாம் ஒரு பயணமா? எழுபதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜை அன்று மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் போனேனே, அதைச் சொல்கிறேன்.

என் கணவர் விமான நிலையத்தில் மின் மேற்பார்வையாளர். வெளிக் கரண்ட் போனால் பதினைந்து விநாடிக்குள் டீசல் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி ஓடுபாதை விளக்குகளை எரியவைக்க வேண்டும். கரண்ட் போனதும் இஞ்சினை எழுப்பிவிடுவது ரிலே என்கிற சின்னப் பெட்டி. இதைச் சோதிக்க டில்லியிலிருந்து ஓர் அதிகாரி அன்று மாலை ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஆயுத பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்பது டில்லிக்காரருக்கு எங்கே தெரியப்போகிறது! சோதனை தேறினால் இவருக்கு வேலை நிரந்தரம், கூடவே குவார்ட்டர்ஸ். ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள வீட்டில், மாமியாரோடு ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் குவார்ட்டர்ஸ்தான் வைகுண்டம்.

மூன்று மணிக்கு வீட்டுச் சொந்தக்காரரின் போனுக்கு இவர் கூப்பிட்டார். ஒத்திகை பார்க்கும்போது ரிலே எரிந்துவிட்டதாம். மாற்று ரிலே எங்கள் வீட்டில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், கட்டிங் பிளேயரோடும் டெஸ்டரோடும் சந்தனம் குங்குமம் சகிதம் உட்கார்ந்திருந்தது. பூஜைக்கென்று கொண்டுவந்தவர் இவரேதான். கடைகள் எல்லாம் பூட்டியிருந்ததால் வேறு வாங்கவும் வழியில்லை.

மறுநாள் மறுபடி செய்து முடிக்கிற புனர்பூஜை ஆகாமல் எதையும் எடுக்கக்கூடாது என்று மாமியார் குறுக்கே நின்றார். பிள்ளையின் வேலை போய்விடும் என்று கெஞ்சியதும் கொஞ்சம் இளகினார். "சரி, அம்பாள் படத்தை வடக்கே லேசா நகர்த்தி, பூஜை முடிஞ்சதா வச்சுண்டு எடுத்துண்டு போ. குங்குமத்தை மட்டும் கலைச்சுடாதே," என்றார்.

மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். கிடைத்த ஆட்டோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்க சாமந்தி. முன்னால் என்ன வருகிறது என்று டிரைவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ! பாண்டி பஜார் முழுக்க உடைத்த பூசணிக்காய். வழுக்கி வழுக்கிப் போனோம். மடியில் என்ன என்று கேட்டார், சொன்னேன். "இன்னாம்மா, பிளேனுக்கு லைட்டு போடற பொட்டியா? பூஜ போட்டு மொத சவாரியே நீதான். கெட்டியா புட்சிக்கோ," என்று சந்துகளுக்குள் திருப்பினார். மூன்று ரூபாய் கொடுத்தேன். வண்டி நிறைய கூட்டம் இருந்தாலும், மின்சார ரயில் இருபது நிமிஷத்தில் மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டது.

கேட்டில் காத்திருந்த இவர், என்னைப் பார்க்காமல் பெட்டியைத்தான் பார்த்தார். பிடுங்கிக்கொண்டு போய் மாட்டினார். சோதனைக்காக ஸ்விட்சை இறக்கினால் இஞ்சின் அசையவேயில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. மனுஷர் பக்தி முற்றிப்போய் உள்ளேயும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்! ரிலேயின் முனைகள் ஒன்றையொன்று தொடவேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது.

துடையுங்கள் என்றேன். இவர் தயங்கினார். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் சைதாப்பேட்டை மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூஜ நாள்ல குங்குமத்த அழிக்க சொல்றியேம்மா. நாளைக்கு இஞ்சின் பட்த்துக்கினா யாரு பதில் சொல்றது?"

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! "ஏன்னா, அழிக்க வேண்டாம், இடத்தை மாத்திடலாம்," என்றேன். புடவைத் தலைப்பைப் பெட்ரோலில் நனைத்து உள்ளே துடைத்தேன். மூடியைப் போட்டு, என் நெற்றியிலிருந்து குங்குமத்தை எடுத்து அதன் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். மெக்கானிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி மெயின் ஸ்விட்சை இறக்கினார். ஒரே இருட்டு. மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது. இஞ்சின் ஒரு முறை இருமியது, அடுத்த கணம் உறுமியது. ஓடுபாதை நெடுக விளக்குகள் பளிச்சென்று வந்தன. நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். மூடியில் இதென்ன சிவப்பு என்று அதிகாரி கேட்டாராம். சேஃப்டி மார்க் என்று இவர் சொல்லிவிட்டார்.

இன்று போகிறவர்களுக்கு: மயிலாப்பூரிலிருந்து முன்னிரவு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மின்சார ரயிலில் போனால் திரிசூலத்தில் இறங்குங்கள். அப்போது அந்த ஸ்டேஷன் கிடையாது. ஆயுத பூஜையன்று பூசணிக்காயைப் பார்த்து நடங்கள்.

குவார்ட்டர்ஸ் வந்தது. மாமியார் மயிலாப்பூரிலேயே இருந்துகொள்கிறேன் என்றுவிட்டார். பால் காய்ச்சிய முதல் சாயங்காலமே கரண்ட் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை ஜகஜ்ஜோதியாக எரிந்தது. நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று இவரிடம் கேட்டேன். ஜெனரேட்டர் விமானங்களுக்கு மட்டும்தானாம், குவார்ட்டர்ஸுக்குக் கிடையாதாம்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அரிக்கேன் விளக்கை ஏற்றி ரசம் வைத்தேன். உப்புக் கொஞ்சம் கூடிப்போனது. ஏன் என்று கேட்க அந்த அடுப்படியில் யாரும் இல்லை.