ஓரத்தில் நுழைந்த கை

என் சிநேகிதி வலியசாலையில் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே கேமரா பைத்தியம். மழைக்காலம் முடிந்ததும் அவள் கைமாறி வந்த ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்றை வாங்கினாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தபோது அம்மிக்குழவியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

"கேமரா தலையில இவ்ளோ பெரிய மேடு எதுக்குடீ?" என்றேன்.

"சென்சார் பெரிசு, கேட்டோ. அதுக்கேத்த மாதிரி முன்னாடி நிக்கற கண்ணாடியும் பெரிசா இருக்கணும். படம் எடுக்கறப்போ அது எழுந்து வழிவிட இடம் வேணும். மேல மேட்டுக்குள்ள இருக்கற பிரிசமும் பெரிசாயிடும். வெயிட்டு ஏறாதோ பின்ன?"

என்னுடைய கேமராவில் சென்சார் சின்னது. அதனால் கண்ணாடியும் சின்னது. மேட்டுக்குள் கனமான பிரிசம்கூட இல்லை. கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய வெற்றுக் கூடுதான். மூக்குக் கண்ணாடியோடு அதில் கண்ணை வைத்தால், பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து டிரைவருக்கு முன்னால் இருக்கும் ரோட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பொன்முடி மலைக்குப் போனோம். வளைவுகள் முடிவதற்குள் அவளுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. மேலே போய் இறங்கியதும், "கொஞ்ச நேரம் மாத்திக்கலாமா?" என்று கெஞ்சினாள். மாற்றிக்கொண்டோம்.

அவளுடையதில் கண்ணை வைத்தேன். அடடா! தேயிலைச் சரிவு, மூடுபனி, தூரத்தில் ஒரு மாடு, எல்லாம் கண் நிறைய விரிந்தன. படம் எடுக்கவே மறந்துபோய் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தது. ஒரு கையில் கேமரா, மறு கையில் பழம்பொரி, அதான் நேந்திரம்பழ பஜ்ஜி, என்று பாறை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் கேமராவில் பள்ளத்தாக்கைக் குறிவைத்தாள். "ஏய், நகரு! கை தெரியறது."

நகர்ந்தேன்.

"இப்போ சரி. ஒண்ணும் தெரியலை."

ஆத்துக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அழகான படம். மேகம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதன் வலது ஓரத்திலிருந்து, உடம்பே இல்லாத ஒரு கை, கடித்த பழம்பொரியை மேகத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் பாத்தப்போ இது இல்லையே!" என்று கத்தினாள்.

"என் கேமரா அப்படித்தான். கண்ணுக்குக் காட்டறதைவிடக் கொஞ்சம் கூடுதலா எடுக்கும். மலிவு வ்யூஃபைண்டர், கண்ணு வைக்கற ஜன்னலே சின்னது, ஓரத்தை ஒளிச்சு வைக்கும்."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதோ?"

"நீ கேக்கலையே."

"ஓரத்தை வெட்டிடு" என்றும் சொன்னேன். பார்த்தாள், வெட்டப் போனாள், நிறுத்தினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அப்படியே ஆபீஸ் புகைப்படப் போட்டிக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் பரிசு. நடுவர் மேடையில் மலையாளத்தில் உருகினார்: இயற்கையின் முன் மனிதனின் பசி, அந்தக் கை ஒரு காணிக்கை. சிநேகிதி ரொம்ப அடக்கமாகத் தலையசைத்தாள். எனக்கு இருமல் வந்த மாதிரி நடித்து வெளியே ஓட வேண்டியதாயிற்று.

இப்போது அவள் என் கேமராவைத் திருப்பித் தருவதில்லை. லேசாக இருக்கிறதாம், ராசியும் இருக்கிறதாம். நானும் கேட்பதில்லை. அவளுடைய கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன். அரிசி மூட்டை இறக்குகிறவர்களை அதன் பெரிய ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தோள் வலிக்கிறது, கண் மட்டும் நகர மறுக்கிறது.