புதன்கிழமை மீன்கறி

பெரிய ரீச்சர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய மூக்குத்தான். காலை பத்து மணி தாண்டிவிட்டால் அவரை அலுவலகக் கதிரையில் பார்க்க முடியாது. சமையல் கொட்டிலுக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தபடி நிற்பார். "பருப்புக்கு உள்ளி போடேல்லப் போல" என்று உள்ளே நிற்கும் தாய்மாருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வகுப்புகளைப் பார்க்கப் போய்விடுவார். எங்கள் ஆரம்பப் பாடசாலையின் அதிபர் அவர். பிள்ளைகள் பெரிய ரீச்சர் என்று கூப்பிட, பெற்றோரும் அப்படியே கூப்பிட, கடைசியில் ஆசிரியர்களான எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. இளைப்பாறிப் போன பிறகும் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்கமாட்டார். "இண்டைக்கு என்ன கறி?" என்பதுதான் முதல் கேள்வி.

பாடசாலை நாயாற்றுக்குப் போகும் வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் களப்பும் கடலும். அங்கே மீன்பிடித் தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். மறுபக்கம் போனால் வாய்க்காலும் வயலும். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவக் குடும்பங்கள் அங்கே நெல் விதைக்கிறார்கள். யுத்தத்தில் இரண்டு பகுதியாரும் ஒரே வீதியால் ஓடினார்கள், முகாமில் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பி அவரவர் குசினியில் அடுப்பு மூட்டியதும் பழைய புத்தியும் சேர்ந்து பற்றிக்கொண்டது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் புத்தி எங்கள் மதியச் சாப்பாட்டில் தெரிந்தது. தாய்மார் முறை வைத்து, நாளுக்கு ஒருவராக வந்து சமைப்பது வழக்கம். வயல் பக்கத்துத் தாய் சமைக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் சோற்றுக் கோப்பையை நீட்டுவார்கள். கடற்கரைத் தாய் சமைக்கும் நாளில் வயல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சலோடு வருவார்கள். கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார்கள். மற்ற நாளில் கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறுகள் அவை. முறை வைத்து வரும் அப்படியொரு வயிற்றுக் குத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. சமத்துவமும் பன்மைத்துவமும் பற்றிக் கிளிநொச்சியில் நடந்த பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அங்கே தந்த படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மண்டபத்தில் ஒட்டினேன். படத்துப் பிள்ளைகள் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே எங்கள் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்திருந்து சாப்பிட்டார்கள்.

பெரிய ரீச்சர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடற்கரைத் தாய்மாரின் முறைகளையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். வெள்ளி மரக்கறி நாள். மீனும் இல்லை, மீன் மணமும் இல்லை, கதைக்க ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டார். மூளை என்றால் இதுதான் என்று நானும் மெச்சினேன். வெள்ளிக்கிழமை பூசணிக்காய்க் கறியும் பருப்பும் கொதித்தன, பார்சல்களும் வழக்கம்போல் வந்து சேர்ந்தன. வயல் பக்கத்து வீடுகளிலும் களப்பு மீன்தான் வாங்கிச் சமைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. கறியில் குறையில்லை, கையில்தான் குறை கண்டார்கள்.

என் வகுப்பில் ஜெனிற்றா என்றொரு கடற்கரைப் பிள்ளை படித்தாள். வாய் ஓயாது. அவளுடைய அம்மா சமைத்த ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வாய் அடைத்துப் போயிற்று. அடுத்த கிழமை அவளுடைய அம்மா பெரிய ரீச்சரைத் தேடி வந்தார். நானும் அலுவலகத்தில்தான் இருந்தேன். கதிரை காட்டியும் அவர் அதில் இருக்கவில்லை.

"பெரிய ரீச்சர், மிஞ்சின சோத்தை நான் வாளியில கொண்டு போனதை எல்லாப் பிள்ளையளும் பாத்திருக்குதுகள். இனிப் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்க வராதேங்கோ அம்மா எண்டு என்ர பிள்ளை அழுகுது" என்றார். "என்ர கைக்கு மீன்கறிதான் வடிவா வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள என்னை ஒளிச்சு வைக்காதேங்கோ."

பெரிய ரீச்சர் யாருக்கும் இலேசில் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. கல்விக் கந்தோரிலிருந்து வருகிற அதிகாரிகளே அவரிடம் வாயைக் கொடுக்க யோசிப்பார்கள். அன்றைக்கு அவர் எழும்பி நின்று, "பிழை என்னிலதான், தங்கச்சி. புதன்கிழமை வாங்கோ. மீன்கறி வையுங்கோ" என்றார். அந்த அம்மா போன பிறகு, மறுபடியும் வாளி நிறைந்து போனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுமே என்று நான் பயந்தேன். அவருக்கும் பயம்தான். ஆனால் பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போனார். பின்னால் என் சைக்கிள்.

போனது துவாரகனின் வீட்டுக்கு. அவனும் என் வகுப்புத்தான். அவனுடைய அம்மா சொன்னால் வயல் பக்கத்தில் மறுபேச்சு இல்லை. அவர் பார்சல் கட்டத் தொடங்கித்தான் மற்றவர்களும் கட்டினார்கள். பெரிய ரீச்சர் தேத்தண்ணீரைக் குடித்து, நெல் விளைச்சலை விசாரித்து, மாட்டைக்கூட விசாரித்த பிறகு மகனின் வயிற்றுக்கு வந்தார். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டைக் கொடுத்தால் நாளைக்கு அதிபர் என்று நான்தானே பதில் சொல்லவேண்டும் என்று பெரிதாகக் கவலைப்பட்டார். ஆகையால் புதன்கிழமை ஜெனிற்றாவின் அம்மாவோடு சேர்ந்து நீங்களும் சமைக்க வாருங்கள், என்ன போடுகிறார், எவ்வளவு போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மாவுக்கு மறுக்க வழியில்லை. மறுத்தால் வயிற்றுக்கதை பொய்யாகிவிடும். சிரிப்பை அடக்க நான் முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை நான் பெருக்கல் படிப்பித்தேன் என்றால் அது முழுப் பொய். கொட்டிலில் நடந்த சண்டையைத்தான் முழு வகுப்பும் கேட்டது. முதல் ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. ஒருவர் வெங்காயம் உரிக்க, மற்றவர் திரும்பி நின்று தேங்காய் துருவினாராம். புளி கரைக்கும்போது தொடங்கியது. இவ்வளவு புளி விட்டால் பிள்ளைகளின் பல்லுக் கூசும் என்றார் வயல் பக்கத்து அம்மா. திரளி மீனுக்கு இந்தப் புளியும் விடாவிட்டால் அதைக் களப்பிலேயே விட்டிருக்கலாம் என்றார் கடற்கரை அம்மா. பிறகு முதற்பால் எப்போது விடுவது என்று ஒரு சண்டை, கறிவேப்பிலைக்கு இன்னொரு சண்டை. திட்டிக்கொள்ளத் தொடங்கியவர்கள் இடையில் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். துவாரகன் ஜெனிற்றாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கறி கொதித்த மணம் வகுப்புக்குள் வந்தபோது எனக்கே வாய் ஊறியது. பெரிய ரீச்சர் கொட்டில் வாசலில் நின்றார். உப்புக் காணுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மணி அடித்தது. வயல் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அன்றும் பார்சலோடுதான் வந்திருந்தார்கள். துவாரகனிடம் பார்சல் இல்லை. அவனுடைய அம்மா கையில் அகப்பையோடு சோற்றுச் சட்டிக்குப் பின்னால் நின்றார். கடற்கரை அம்மா கறிச் சட்டிக்குப் பின்னால். ஜெனிற்றா வரிசையில் சேராமல் தூணோடு ஒட்டி நின்று தாயையே பார்த்தாள். துவாரகன் சோறும் கறியும் வாங்கிப் போய் இருந்து சாப்பிட்டான். பார்சல்காரர் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். கோப்பையை வழித்துத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, பிள்ளைகள் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே கேட்டான்.

"அம்மா, இது ஆர் வைச்ச கறி?"

நாங்கள் இரண்டு பேரும்தான் என்று அந்த அம்மா சொல்லித் தப்பலாம். சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள், நானும் அன்றைக்கு அதையே வெற்றி என்று நினைத்திருப்பேன். அவனுடைய அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஜெனிற்றான்ர அம்மா வைச்சவா" என்றார். "இன்னும் வேணுமெண்டால் மாமியிட்டக் கேள்."

மாமி என்று முறை சொன்னார். துவாரகன் இரண்டடி நகர்ந்து கோப்பையை நீட்டி, "மாமி, எனக்கு நடுத்துண்டு" என்றான். கடற்கரை அம்மா சட்டிக்குள் வெகுநேரம் தேடினார். மீன் தெரியாமல் அல்ல, கண் கலங்கியிருந்தது. தூணடியில் நின்ற ஜெனிற்றா ஓடிவந்து தாயின் கையிலிருந்த அகப்பையைப் பறித்தாள்.

"தள்ளுங்கோ அம்மா, நான் போடுறன்" என்றாள்.