பூளைப்பூவும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டுமானால் பூளைப்பூவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பாதியை அவரே வகுப்பில் நடத்திவிட்டுப் போய்விட்டார். மீதியை நான் எழுதுகிறேன். அது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது மல்லசமுத்திரத்தை அடுத்த எங்கள் மேட்டாங்காட்டில். மழை பெய்தால் சோளம் விளையும், பெய்யாவிட்டால் பூளைதான் விளையும். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், பள்ளி விடுமுறைகளில் தறிப்பட்டறைக்குப் போய்த்தான் அண்ணன் படித்தார். தான் படித்ததோடு நிற்காமல் என்னையும் படிக்க வைத்தார். அரசுப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் செடியை வேரோடு பிடுங்கினால் கத்துவார்.

பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு வைத்துக் கட்டும் பூ என்ற அளவில் நம் எல்லோருக்கும் பூளை தெரியும். அண்ணன் பிள்ளைகளை வறண்ட காட்டுக்கே கூட்டிப் போய் லென்சைக் கையில் கொடுப்பார். நாம் பூ என்று நினைக்கும் வெள்ளைக் கதிர் ஒரு பூ அல்ல, கடுகளவு கூட இல்லாத பல பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பது என்று காட்டுவார். அந்தப் பஞ்சு போன்ற மயிர்தான் வெயிலில் செடியைக் காப்பாற்றுகிறது என்பார். விதை கறுப்பாக மின்னும். வேரை நசுக்கினால் கற்பூர வாசனை வரும். "நம்மூட்டுக் கீரைத்தண்டுக்கு இது பங்காளி சாமி" என்று அவர் சொன்னதை அவருடைய மாணவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை வழியாகக் கிழக்கே பிலிப்பைன்ஸ் வரைக்கும் இந்தச் செடி பரவியிருக்கிறதாம். ராஜஸ்தான் சுற்றுலாவில் மற்ற ஆசிரியர்கள் கோட்டை பார்க்கப் போக, அண்ணன் மணலில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பாலைவனப் பூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இதைவிட உயரம், பஞ்சும் அதிகம், அங்கே தலையணைக்கு அடைப்பார்கள் என்று ஊருக்கு வந்து ஒரு மாதம் அதையே பேசினார். நம் பக்கத்தில் மேச்சேரி ஆடு மேயும் கரடுகளிலும் சாலையோரச் சரளையிலும் பூளை நன்றாக இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சித் தென்னை வைத்த இடத்திலிருந்து அது போய்விடுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் பூளையில் வேர் தொங்குவதைப் பார்த்தால், "விதை விழறதுக்கு முன்னாடி இப்படிப் பொடுங்கினா அடுத்த வருசம் எங்கீங்க போவீங்க?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பார்.

இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாயிற்று. சேலத்தில் டயாலிசிஸ் நடந்தது. குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியிருந்தது. நாட்டு மருந்து எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பார்க்க வந்தவர்களில் சிலர் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, பூளையைக் கஷாயம் வைத்துக் கொடு, கல்லெல்லாம் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு இருந்தது கல்லே இல்லை. அண்ணி பயந்துபோயிருந்தார். பயந்தவருக்கு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். போன வருடம் தை மாதம் முழுக்கக் காலையில் முள்ளுக்காட்டுக்குப் போய்ப் பூளை பறித்து வந்து, காய்ச்சி, தினமும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

மாசியில் ஒருநாள் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனார். வீடு திரும்பவில்லை.

காரியத்தன்று வாசலில் உட்கார்ந்து, "கஷாயத்த ஊத்தி ஊத்தியே அனுப்பி வெச்சுட்டா" என்று பேசினீர்கள். பேசியவர்களில் கஷாயம் வைக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அண்ணி அப்போது உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்த ஒருவர், "உங்க கையால எதுவும் வேண்டாமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு இன்னமும் அந்தச் சிரிப்பை மன்னிக்க மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே அண்ணி மண்வெட்டியை எடுத்து, சுற்றுச்சுவர் ஓரம் யாரையும் கைவைக்க விடாமல் அண்ணன் ஆசையாக விட்டு வைத்திருந்த பூளையை ஒன்று விடாமல் கொத்திப் போட்டார்.

அண்ணனின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்குத் துணையாக இருக்க நான் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன். காலையில் அண்ணன் வாசல் கேட் அருகே நாற்காலி போட்டு உட்காருவார். அண்ணி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார். அண்ணன் உதட்டில் மட்டும் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். முதல் நாளே பார்த்துவிட்டேன்.

"ஏண்ணா, வேண்டாம்னு சொல்லீர்லாமல்ல?"

"எனக்குத் தெரியாதா அம்மிணி, இது கல்லுக்குத்தான்னு? முள்ளுல பூந்து பறிச்சுட்டு வந்திருக்கா. வேண்டாம்னா மொகம் சுண்டிப்போகும். அவகிட்டச் சொல்லிப்போடாத."

சொல்லவில்லை. மறைந்தவரிடம் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று தெரியாமல் இருந்தேன். அண்ணியின் முகம் சுண்டக்கூடாது என்றுதான் அவர் மறைத்தார். அதை நானும் மறைத்தால் அண்ணியே சுண்டிப்போய்விடுவார் என்று ஆனபிறகு, வாக்கு கிடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"என்னையத் தேத்தறதுக்குச் சொல்றியா அம்மிணி?"

"இல்லீங்க அண்ணி. கண்ணால பாத்தேன்."

"தெனமுமா ஊத்துனாரு?"

"தெனமுந்தானுங்க."

அண்ணி தன் விரல்களைப் பார்த்தார். "முள்ளுக் குத்தி வெரலெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. நானு காச்சிக் காச்சிக் குடுக்கறேன், இந்த மனுசன் செம்பருத்திக்கு ஊத்தியிருக்காரு. கசக்குதான்னு கேட்டா, இல்ல நல்லாருக்குதுங்கறாரு. இப்ப இருந்திருக்கோணும், ஒரு வழி பண்ணியிருப்பேன்." குரல் உயர்ந்துகொண்டே போய் உடைந்தது. நன்றாக அழுதார். அழுது முடித்ததும், "அப்படியே அச்சுல போட்டுரு" என்றார். ஒரு வருடமாகத் தன்மேல் மட்டுமே கோபப்பட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் தன் புருஷன்மேல் கோபப்பட்டார்.

இந்தத் தையில் துக்க வீடு என்பதால் காப்புக் கட்டவில்லை. கொத்திப் போட்ட இடத்தில் ஐப்பசி மழைக்குப் பூளை மறுபடியும் முளைத்திருக்கிறது. அண்ணி அதைத் தொடவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பார்க்காமல் வண்டி ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாக அண்ணிக்கு நன்றி. ஆண்டுத் திதிக்கு எல்லோரும் வர வேண்டும். வருகிறவர்களுக்கு அண்ணி தன் கையாலேயே காப்பி கொடுப்பார். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். செம்பருத்திக்கு வேண்டிய அளவு அண்ணன் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.